ஓசூரில் நான் எண்ணிய கைகள்

ஓர் அச்சு மெஷின் வாங்குவதற்காகத்தான் நான் சிலோனிலிருந்து ஓசூருக்குப் போனேன். அரசியல் பார்க்கப் போகவில்லை. அது எங்கள் ஊரிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

குருநாகலில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் உண்டு. கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, மருந்து லேபிள் எல்லாம் மூன்று மொழியில் அடித்துக் கொடுப்போம். சிங்களம் மட்டுமே என்ற மொழிச் சட்டம் வந்த வருடம், ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு முப்பது பேர் வந்தார்கள். பெயர்ப் பலகையிலிருந்த தமிழ் எழுத்துகளின்மேல் தார் பூசினார்கள். உள்ளே நுழைந்து, காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மெஷினின் சக்கரத்தைச் சம்மட்டியால் உடைத்தார்கள். போகிறபோக்கில் ஈய எழுத்துப் பெட்டிகளையும் கவிழ்த்தார்கள். மொழிகளைக் கலக்கவிடக் கூடாது என்று கோஷம் போட்டுக்கொண்டு வந்தவர்கள், சிங்கள எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒரே குவியலாகக் கலந்து கொட்டிவிட்டுப் போனார்கள். நானும் எழுத்துக் கோக்கும் என் கம்பாஸிட்டர் பியதாசவும் உட்கார்ந்து பொறுக்கிப் பிரிக்க ஒரு மாதம் ஆயிற்று. பியதாச சிங்களவர். அந்த மாதம் முழுவதும் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பெங்களூரில் இருக்கும் என் மைத்துனர் எழுதினார்: ஓசூரில் வெங்கடசாமி என்பவர் நல்ல நிலையிலுள்ள ட்ரெடில் ஒன்றைக் கொடுத்துவிட நினைக்கிறார், நேரில் போய்ப் பார். புறப்பட்டுவிட்டேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ், சூளகிரி மேட்டில் ஏறும்போது கொதித்துப்போய் நின்றது. டிரைவர் இறங்கி, மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை பீடி பிடித்தார். ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எனக்கு வலப்பக்கம் தள்ளியவர் தெலுங்கில் திட்டினார். இடப்பக்கம் தள்ளியவர் கன்னடத்தில் திட்டினார். கண்டக்டர் தமிழில் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். மூன்று பேருக்கும் மூன்றும் புரிந்தது. பஸ் நகர்ந்ததும் மூவரும் ஒரே நெருப்புக் குச்சியில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டார்கள். நல்ல ஊருக்குத்தான் போகிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

ஓசூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் விசில் சத்தம் கேட்டது. பச்சைச் சட்டை போட்ட நாலு பேர் வந்து, “பொட்டியத் தொறங்க” என்றார்கள். விசில் வைத்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மீசையை ஒழுங்காகக் கத்தரித்திருந்தார். பக்கத்து டீக்கடையில் ஒரு கான்ஸ்டபிள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். “சும்மா பாக்குறாங்க சார். காட்டிட்டுப் போயிடுங்க, வேலை முடிஞ்சிரும்” என்றார். சட்டம் தன் டீயை ஊதிக் குடித்தது.

பெட்டியில் மேலாக இருந்தது எங்கள் அச்சகத்தின் மாதிரித் தாள். சிங்களம் மேலே, தமிழ் நடுவே, ஆங்கிலம் கீழே. விசில்காரர் மேல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“பாரு, வட்ட வட்டமா. கன்னடம்! மைசூர்ப் பக்கத்து நோட்டீஸ்!”

“ஐயா, அது கன்னடம் இல்லை. சிங்களம்” என்றேன்.

“அப்படித்தான் சொல்வாங்க.”

கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பச்சைச் சட்டைகளைப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, “பழைய கன்னடமா இருக்கும்ங்க” என்றார்.

சிலோனில் தமிழ் எழுத்து வைத்திருந்ததற்காக மெஷினை இழந்தேன். தமிழ்நாட்டு எல்லையில் சிங்கள எழுத்து வைத்திருந்ததற்காகக் கன்னடக்காரனாகி நடுத்தெருவில் முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டியதும் எல்லாம் தலைகீழாக மாறியது. “சிலோன் தமிழருங்களா? அடி வாங்கிட்டு வந்தவருங்களா?” என்று விசில்காரர் கண் கலங்கினார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். ஹோட்டல் மாடியில் அறை கிடைத்தது. கான்ஸ்டபிள் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

அந்த ஹோட்டலில் கேழ்வரகு உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைக்கும். இதை இந்த ஊரில் தமிழர்கள் களி என்கிறார்கள், கன்னடக்காரர்கள் முத்தே என்கிறார்கள், தெலுங்குக்காரர்கள் சங்கட்டி என்கிறார்கள். சுவரில் மூன்று பெயரையும் எழுதியிருந்தது தெரிந்தது. இரண்டின்மேல் புதுச் சுண்ணாம்பு. “போன மாசம் அடிச்சிட்டுப் போனாங்க” என்றார் பரிமாறியவர். “சாப்பிடறவங்க பழைய பேரச் சொல்லித்தான் கேக்கறாங்க. மெதுவாக் கேக்கறாங்க.”

மறுநாள் காலை வெங்கடசாமியின் அச்சகத்துக்குப் போனேன். ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடி நெற்றியில், கை முழுக்க மை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவருடைய முன்னோர் இந்த ஊருக்கு வந்தது எப்போது என்று கேட்டேன். “வந்தாங்களான்னே தெரியலீங்க. நான் கேட்ட வரைக்கும் இங்கதான் இருந்தாங்க” என்றார்.

மெஷினைப் பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. மிதித்தால் பஞ்சு மாதிரி ஓடிற்று. சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை.

“இதை ஏன் விற்கிறீர்கள்?”

“மூணு பாஷையில அடிச்சாத்தாங்க இந்த ஊர்ல ஒரு பிரஸ்ஸு நிக்கும். இனிமே ஒண்ணுலதான் அடிக்கணும்னு சொல்லிட்டாங்க. கன்னட எழுத்து, தெலுங்கு எழுத்து எல்லாம் சாக்குல கட்டி வெச்சிட்டேன். மூணுல ஒரு பங்கு வேலைக்கு முழு மெஷினு எதுக்கு?”

“யார் சொன்னது? சர்க்காரா?”

“சர்க்காரு இல்லீங்க. சேனை.”

மண்காவல் சேனை என்று அந்தப் பச்சைச் சட்டைகளுக்குப் பெயர். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது இந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று பெரிய பேச்சாக இருந்ததாம். தீர்ப்பு வந்து ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே இருந்தது. பிரச்சினை தீர்ந்த பிறகுதான் சேனை பிறந்தது. தலைவர் மாசிலாமணி, சேலத்துப் பக்கமிருந்து நாலு வருடத்துக்கு முன் மண்ணெண்ணெய் ஏஜென்சி எடுத்துக்கொண்டு இங்கே வந்தவர். நாலு வருடத்துக்காரர், எப்போது வந்தார்கள் என்றே தெரியாதவர்களை வந்தேறி என்கிறார்.

ஆனாலும் மெஷின் உடனே கிடைக்காது என்றார் வெங்கடசாமி. கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தேர்தல். பல வருடமாகத் தலைவராக இருப்பவர் வெங்கடசாமியேதான். இந்தத் தடவை எதிர்த்து நிற்பவர் மாசிலாமணி. அந்தத் தேர்தலுக்கான சீட்டுத்தான் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது: ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் தராசு. விளக்கு மாசிலாமணிக்கு, தராசு இவருக்கு. நூறு சீட்டு.

“எதிராளியின் சின்னத்தையும் நீங்கள்தான் அடிக்கிறீர்களா?”

“அந்த விளக்குப் படம் அடிக்கற பிளாக்கு கொஞ்சம் தேஞ்சிருந்திச்சிங்க. புதுசு வாங்கிப் போட்டேன். மங்கலா விழுந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்” என்றார்.

மூன்றாம் நாள் மாசிலாமணி என்னைக் காப்பிக்கு அழைத்தார். அவரை வெறுக்கத் தயாராகப் போன எனக்கு அது ஏமாற்றமாக முடிந்தது. இனிமையான மனிதர். ஹோட்டல் வாசல்வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். நல்ல காப்பி. பேருந்து நிறுத்தத்தில் விளக்குப் போட்டது அவர், கடைவீதிக் கிணற்றைத் தூர் வாரியது அவர். வழியெல்லாம் பெண்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அது பயத்தால் இல்லை, நன்றியால்தான்.

“நீங்க பட்டதை எங்க ஜனங்க கேக்கணும்ங்க” என்றார். “ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர். உங்க ஊர்ல தமிழனுக்கு நடந்த அநியாயத்த உங்க வாயாலேயே சொல்லணும்.”

“அங்கே நடந்தது போல இங்கே நடக்கக் கூடாது என்று சொல்லலாமா?”

“அதைத்தான் சொல்லணும்!” என்று என் கையை அழுத்தினார். இருவரும் ஒரே வாக்கியத்துக்கு ஒப்புக்கொண்டோம். அவர் புரிந்துகொண்டது வேறு என்பது எனக்குத் தெரியும். பேச்சு மேடை கிடைத்தால் நேராக்கிவிடலாம் என்று நினைத்தேன். மேடை கிடைத்த எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சனிக்கிழமை வெங்கடசாமி கெலமங்கலம் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது, நானும் போனேன். போன வண்டியின் அச்சு வழியில் முறிந்து, கடைசி இரண்டு மைல் நடை. சந்தையில் ஒருவர் கன்னடத்தில் விலை சொன்னார், இன்னொருவர் தமிழில் குறைத்தார், பக்கத்தில் நின்றவர் தெலுங்கில் முடித்துவைத்தார். வெங்கடசாமி ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் நலம் விசாரித்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் பச்சைச் சட்டை ஒன்று தெரிந்தது. பேசிக்கொண்டிருந்த தெலுங்கு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியைத் தமிழில் முடித்தார். எதிரிலிருந்தவரும் வியப்பில்லாமல் தமிழுக்கு மாறிக்கொண்டார். மழை வந்தால் குடை விரிப்பது போல அவ்வளவு இயல்பாக அது நடந்தது. எனக்குத்தான் குருநாகல் கடைத்தெரு ஞாபகம் வந்தது. நானும் அங்கே பஸ்ஸில் தமிழ்ப் பேச்சைப் பாதியில் விழுங்கியவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம், பந்தல் போட்டு நடந்தது. ஐம்பத்தொன்பது உறுப்பினர்கள். ஓட்டுப்பெட்டி ஒரு மேஜைமேல், சின்னத் திரை ஒன்று மூலையில். எனக்குப் பெரிய மாலை. சுற்றிலும் பச்சைச் சட்டைகள் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் விசிறிக்கொண்டும் நின்றார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும்.

நான் பேசினேன். “எங்கள் ஊரிலும் இது ஒரு கூட்டத்தில்தான் தொடங்கியது” என்றேன். கைதட்டல். “மண்ணின் மக்கள் யார், வந்தவர்கள் யார் என்று பட்டியல் போட்டார்கள்” என்றேன். “வெட்கம்! வெட்கம்!” என்றார்கள். “பக்கத்துக் கடைக்காரர் ஒரே நாளில் அந்நியரானார்” என்றேன். முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆகவே, அதை நீங்கள் உங்கள் பக்கத்துக் கடைக்காரருக்குச் செய்யாதீர்கள்” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். முதல் மூன்று வாக்கியத்துக்குத் தட்டிய அதே கைதட்டல். நான் உட்கார்ந்தேன்.

மாசிலாமணி எழுந்தார். “சகோதரர் சொன்னதக் கேட்டீங்க. நாம ஏமாந்தா நாளைக்கு நமக்கும் இதே கதிதான். ரெண்டு தீர்மானம் கொண்டாரேன். ஒண்ணு: திரைக்குப் பின்னால ஒளிஞ்சி ஓட்டுப் போடறது வெள்ளைக்காரன் பழக்கம். வீரம் உள்ளவன் நெஞ்ச நிமித்திக் கைய உயர்த்துவான். இனிமே நம்ம சங்கத்துல கை தூக்கித்தான் ஓட்டு. ரெண்டு: தாய்மொழி தமிழ்னு எழுதிக் குடுக்கறவங்களுக்கு ஓட்டு. மத்தவங்க நட்பு உறுப்பினரா இருக்கலாம். அவங்களுக்கு நாற்காலி உண்டு, காப்பி உண்டு, மரியாதை உண்டு.”

ஓட்டு மட்டும் இல்லை.

“யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்க. ஊருக்குப் பொதுவான மனுசர், சிறப்பு விருந்தினரே கையை எண்ணிச் சொல்லட்டும்” என்றார் மாசிலாமணி.

இந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு இதை எழுதும்போது அதற்கு நாலைந்து நல்ல வாக்கியங்கள் தோன்றுகின்றன. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான்: எண்ணுவதில் என்ன தவறு, நான் தீர்மானத்துக்கு ஆதரவு சொல்லவில்லையே, சரியாக எண்ணத்தானே போகிறேன்? எழுந்து நின்றேன்.

இரண்டு தீர்மானத்துக்கும் சேர்த்துக் கைகள் உயர்ந்தன. துணிக்கடைக் கன்னடக்காரர் கை தூக்கினார். தோல் வியாபாரம் செய்யும் உருதுக்காரர் இருவர் தூக்கினார்கள். மராட்டித் தையல்காரர் தூக்கினார். ஓட்டை இழக்கப்போகிற ஒவ்வொருவரும் அதை இழப்பதற்கு ஓட்டுப் போட்டார்கள். முன் வரிசையில் வெங்கடசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மை படிந்த கையை, காதுக்குச் சமமாக உயர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை.

விரலை நீட்டி நீட்டி எண்ணினேன். ஐம்பத்தெட்டு.

ஒரு கை மட்டும் மடியில் கிடந்தது. பஸ் நிறுத்தத்தில் வண்டி போட்டு நிலக்கடலை வறுத்து விற்கும் முனியம்மா. தமிழ்க்காரிதான், தீர்மானத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. “ஏம்மா, நீ தூக்கலயா?” என்று யாரோ சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

“நான் யாருக்குப் போட்டேன்னு எங்க வூட்டுக்காரருக்கே சொன்னதில்லீங்க” என்றார் முனியம்மா. “ஊருக்கே காட்டச் சொன்னா எப்படி?”

பந்தல் சிரித்தது. மாசிலாமணியும் சிரித்தார். “அம்மாவுக்குக் கூச்சம். ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதிக்கங்க” என்றார். நான் ஐம்பத்தெட்டு என்று சொன்னேன். அது யாருக்கும் தேவைப்படவில்லை. தாய்மொழி தெலுங்கான வெங்கடசாமி இனிப் போட்டியிட முடியாது என்பதால், மாசிலாமணி எதிர்ப்பின்றித் தலைவரானார். காப்பி வந்தது. திரையைக் கழற்றி மடித்து ஒருவர் எடுத்துப்போனார்.

சிலோனில் என்னை ஒதுக்கிய சட்டத்துக்கும் யாரோ ஒருவர் கை எண்ணியிருப்பார். அவரும் என்னைப் போலத் தப்பில்லாமல் எண்ணுகிற, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதராகத்தான் இருந்திருப்பார்.

கூட்டம் கலைந்து நடந்தபோது வெங்கடசாமி சொன்னார்: “மெஷினுக்கு இனிமே வேலை இல்லீங்க. நாளைக்கே கழட்டிடலாம்.” நான் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே காரியம் முடிந்தது. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும்.

“நீங்கள் ஏன் கை தூக்கினீர்கள்?” என்று கேட்டேன்.

“எல்லாக் கையும் மேல இருக்கும்போது கீழ இருக்கற கைதாங்க கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கடை இருக்குது. ரெண்டு பொண்ணு இருக்குது.” மை படிந்த கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். “நீங்க எண்ணும்போது என்னைய விட்டுட்டு எண்ணுவீங்களோன்னு ஒரு நெனப்பு. பைத்தியக்கார நெனப்பு.”

திங்கட்கிழமை அவர் மெஷினைப் பிரிக்கத் தொடங்கினார். அடித்து வைத்த நூறு சீட்டும் வீணாகக் கிடந்தது. வழியே போன முனியம்மா எட்டிப் பார்த்து, “பொட்டலம் கட்ட ஆவுங்களா?” என்றார். “எடுத்துட்டுப் போம்மா” என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டார்.

அன்று பிற்பகல் பஸ் நிறுத்தத்தில் நானும் ஒரு பொட்டலம் வாங்கிப் போனேன். தராசும் விளக்கும் அச்சடித்த பொட்டலத்தில் சூடான கடலை. நல்ல வறுவல், மணல் ஒட்டவில்லை. தேர்தலுக்கு இப்படியாவது ஒரு பயன் கிடைத்ததே என்று தின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மெஷினை ஏற்றச் சென்னைப் பக்கம் போகும் லாரியை விசாரிக்கப் போனபோது முனியம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“சிலோன்காரரே, இங்க வாங்க. வண்டிக்குப் பின்னால வாங்க.”

வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் கூடை. அதில் மடித்த தாள்கள்.

“நேத்து மொதல்ல நம்ம தையக்காரரு கடல வாங்கினாரு. அங்கயே நின்னு தின்னாரு. அடுப்புல இருந்து ஒரு கரித் துண்ட எடுத்தாரு, காயிதத்துல என்னமோ கீறினாரு, நாலா மடிச்சி எங்கிட்டயே குடுத்துட்டுப் போனாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பறம் துணிக்கடைக்காரரு. அவரும் அப்படியே. மூணாவது ஆளு வந்தப்பதான் புரிஞ்சிச்சி. கூடைய எடுத்து அடியில வெச்சிட்டேன்.”

“ஒருவரே இரண்டு பொட்டலம் வாங்கினால்?”

“என்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? ஒருத்தருக்கு ஒரு காயிதந்தான். ரெண்டாவது தரம் வந்தா எலையில கட்டிக் குடுத்தேன். சங்கத்துல இல்லாதவங்களுக்கும் எலைதான். உங்களுக்குத்தான் தெரியாத்தனமாக் காயிதத்துல குடுத்துட்டேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே விசில்காரர் வந்தார். பச்சைச் சட்டை, கத்தரித்த மீசை. அவருக்குக் கடைவீதியில் சைக்கிள் கடை, அவரும் உறுப்பினர். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். கடலை வாங்கினார். முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். திரை இல்லாத ஊரில் தன் முதுகையே திரையாக்கிக்கொண்டார். பிறகு குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல எதையோ கூடையில் போட்டுவிட்டு, நேராக நடந்து போனார். எந்தப் பக்கம் கீறினார் என்று எனக்குத் தெரியாது.

முனியம்மா கூடையை என் பக்கம் தள்ளினார்.

“அன்னிக்கி நீங்கதான எண்ணுனீங்க? இதையும் நீங்களே எண்ணிடுங்க.”

அவர் குத்திச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, தெரியவில்லை. எனக்குக் குத்தியது. வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கரிக் கோடு, நகக் கீறல், வெற்றிலைச் சுண்ணாம்பு. ஒருவர் குங்குமத்தால் பொட்டே வைத்திருந்தார். விளக்கு ஏழு. தராசு முப்பத்துநாலு.

மறுபடி எண்ணினேன். அதேதான்.

“எத்தினி?” என்றார். சொன்னேன். முனியம்மா தலையை ஆட்டினார், சந்தையில் விலை கேட்டுக்கொண்டது போல. பிறகு தாள்களை ஒரே வாரலாக எடுத்து அடுப்பில் போட்டார். நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன்.

“அம்மா! இது சாட்சி அல்லவா? வெளியில் சொல்லவேண்டாமா?”

“சொல்லுங்க, யாரு வேணாம்னாங்க? எத்தினின்னு சொல்லுங்க. யாருன்னு தெரியக் கூடாதில்ல? சுண்ணாம்பு யாரு போடுவாங்க, பொட்டு யாரு வெப்பாங்க, எல்லாம் இந்த ஊருக்குத் தெரியும்.” வாணலியை அதன்மேல் ஏற்றிக் கடலையைக் கொட்டினார். “உங்களுக்கு ஒரு ஆழாக்கு போடட்டுங்களா? எலையில?”

விடைபெற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் மாசிலாமணியிடம் போனேன். காப்பி வந்தது. குடித்து முடித்தபிறகு சொன்னேன். “உங்கள் சங்கத்தார் நாற்பத்தொரு பேர் ரகசியமாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் எண்ணினேன். விளக்குக்கு ஏழு.”

அவர் சிரித்தார். “வேடிக்கையாப் பேசறீங்க. ஞாயித்துக்கிழமை ஐம்பத்தெட்டுக் கை. எண்ணினதும் நீங்கதான்.”

“இதையும் நான்தான் எண்ணினேன்.”

சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது, இறங்க மறந்தது போல. “யாருங்க? யாரு யாரு?”

“தெரியாது.”

“தெரியாம எப்படி எண்ணினீங்க?”

“அப்படி எண்ணுவதற்குத்தான் திரை வைத்திருந்தீர்கள்.”

அவர் வாசலுக்கு வந்து நின்றார். கடைவீதியில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தையல்காரர் கும்பிட்டார். துணிக்கடைக்காரர் கும்பிட்டார். விசில்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மாசிலாமணி ஒவ்வொரு கும்பிடையும் வாங்கிக்கொண்டு, அந்த ஆள் தாண்டிப் போன பிறகும் அவருடைய முதுகையே பார்த்தார். முதல் தடவையாக அந்த மனிதரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. யாரிடமும் ஓட்டுக் கேட்கத் தேவையில்லாத ஊரை உண்டாக்கிக்கொண்டார். யார் தன்னோடு இருக்கிறார்கள் என்பது இனி அவருக்குத் தெரியப்போவதில்லை.

வெங்கடசாமியின் அச்சகத்தில் மெஷின் பாதி பிரிந்து கிடந்தது. சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். சாக்கு, கயிறு, வைக்கோல் எல்லாம் தயார். என் பெயரையும் குருநாகல் விலாசத்தையும் ஓர் அட்டையில் அழகாக அச்சடித்தே வைத்திருந்தார்.

முப்பத்துநாலு என்று சொன்னேன். எங்கே, எப்படி என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, கையிலிருந்த துணியை வெகுநேரம் மடித்தார். மடித்ததை விரித்தார்.

“முப்பத்துநாலா?”

“முப்பத்துநாலு.”

“அதுல என்னுது இல்லீங்க. நான் அந்தப் பக்கமே போகல.” கண்ணாடிக்கு அடியில் துடைத்துக்கொண்டார். எழுந்து, விலாச அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். “மன்னிச்சிக்கங்க. மெஷினு குடுக்கலீங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. ஆனா குடுக்கல.”

“சேனை சும்மா விடாதே?”

“விடாதுங்க” என்றார். “அந்தப் பக்கம் புடிங்க. தனியாத் தூக்க முடியாது.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கடல் தாண்டி வந்தவன். ஊரில் பியதாச சம்பளமில்லாமல் காத்திருக்கிறார். இவ்வளவு நல்ல மெஷின் எனக்கு எங்கேயும் கிடைக்காது. (கிடைக்கவும் இல்லை. பிறகு மதுரையில் வாங்கியது, மிதித்தால் மாடு கத்துவது போலக் கத்துகிறது.) வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அன்று மாலையே அது லாரியில் ஏறியிருக்கும்.

இருந்தாலும் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவருமாகச் சக்கரத்தைத் தூக்கி அச்சில் பொருத்தினோம். இரண்டு தடவை நழுவிற்று. மூன்றாம் தடவை உட்கார்ந்தது. அவர் ஆணியை முடுக்கினார். நான் தாங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். திரும்பப் பூட்டியிருந்த மெஷினைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கிரீஸ் வழியும் என் கைகளைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவைத்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். கை கழுவிக்கொண்டு சாப்பிட வரச் சொல்கிறார் என்று புரிந்தது. வெங்கடசாமி அதற்குப் பதில் சொன்னார். தெருக்கதவு திறந்தே கிடந்தது, சொன்னது தெலுங்கில், வாசல்வரை கேட்கிற குரலில்.